ஆங்கிலத் தேர்வும் பல்கலைக்கழக வாயிலும்

1913ஆம் ஆண்டு நம் சமுதாயத்தார் மறக்கவொண்ணாத ஆண்டு. அவ்வாண்டு சூலைத் திங்களில் அண்ணல் அம்பேத்கர் பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரில் இறங்கினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பம்பாய்ப் பல்கலைக்கழகம் வழங்கிய பி.ஏ. பட்டமே அவர் கொண்டுசென்ற சான்று. அயல்நாட்டு மாணவரின் ஆங்கிலத்தை அளப்பதற்கென்று தனித் தேர்வு ஒன்றும் அமெரிக்க நாட்டில் அன்று இருக்கவில்லை.

அதே 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிறமொழியாளர்க்கென ஓர் ஆங்கிலப் புலமைத் தேர்வைத் தொடங்கிற்று. பன்னிரண்டு மணி நேரத் தேர்வு அது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கோ செருமானியத்துக்கோ மொழிபெயர்த்தல், அவற்றிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தல், இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல், சொல்வதெழுதல், உரையாடல் எனப் பல பகுதிகள் அதில் இருந்தன. எழுதியவர் மூவர், மூவரும் தேறவில்லை. அயல்நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விழைந்த ஆசிரியர்களுக்காக ஏற்பட்டதே அத்தேர்வு. பல்கலைக்கழகத்தில் பொறியியலோ பொருளியலோ படிக்க வருபவனை நிறுத்திக் கேள்வி கேட்கும் வாயிற்காவலனாக ஆங்கிலத் தேர்வு மாறியது பிற்பாடுதான்.

இன்று நம் இளைஞர் எவரேனும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளில் உயர்கல்வி பெற நினைத்தால் அவர் காதில் முதலில் விழும் சொல் ஐ.இ.எல்.டி.எஸ். என்பது, அடுத்தது டோஃபல். முதுகலைப் பட்டத்தில் முதல் வகுப்பு வாங்கியவர்கூட இப்பெயர்களைக் கேட்டவுடன், 'அது நமக்குச் சரிப்படாது ஐயா' என்று ஒதுங்கிவிடுவதைப் பன்முறை கண்டிருக்கிறோம். தம் அறிவுக்கே யாரோ மதிப்பெண் போடப் போவதாக எண்ணி அஞ்சுகின்றனர். அத்தேர்வு உண்மையில் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை அதன் வரலாற்றைக் கொண்டே ஆராய்தல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் தேர்வியல் பாடத்தில் இரண்டு சொற்களைப் படித்தோம். ஒன்று நம்பகம், மற்றொன்று ஏற்புடைமை. எத்தனை முறை அளந்தாலும் ஏறக்குறைய ஒரே விடை வருமாயின் அக்கருவிக்கு நம்பகம் உண்டு. எதை அளப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அதையே அளக்குமாயின் ஏற்புடைமை உண்டு. துணிக்கடை அளவுகோல் துணியின் நீளத்தைப் பிழையின்றிச் சொல்லும். அத்துணி சாயம் போகுமா என்று அக்கோலைக் கேட்டால் அதனிடம் விடை இராது. கோல் பழுதன்று, கேள்விதான் அதற்கு உரியதன்று. ஆகவே ஒரு தேர்வு ஏற்புடையதா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எந்த நோக்கத்துக்கு ஏற்புடையது என்றே கேட்டல் வேண்டும்.

அமெரிக்காவில் இத்தேர்வு பிறந்த கதை கல்விக்கூடத்தில் தொடங்கவில்லை. குடியேற்றச் சட்டத்தில் தொடங்கிற்று. 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் இத்தனை பேர்தாம் வந்து குடியேறலாம் என்று வரம்பு கட்டியது. ஆசியர் பெரும்பாலோர்க்குக் கதவையே சாத்திற்று. மாணவர்க்கு மட்டும் அவ்வரம்பிலிருந்து விலக்கு இருந்தது. படிப்பின் பெயரால் பிறரும் நுழைந்துவிடுவரோ என்ற ஐயம் எழுந்தது. வருபவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று கல்லூரிகள் முன்னரே அறிய வேண்டிய நிலை வந்தது. 1930இல் அந்நாட்டுக் கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம் அயல்நாட்டு மாணவர்க்கென ஓர் ஆங்கிலத் தேர்வை நடத்தத் தொடங்கிற்று. பொருளாதார நெருக்கடிக் காலமாதலால் சில ஆண்டுகளிலேயே அது நின்றுபோயிற்று. ஆயினும் மொழித் தேர்வும் எல்லைக் காவலும் கைகோத்துக்கொண்டது அன்றுதான். இன்றும் அக்கைகள் பிரியவில்லை.

இதற்கும் முன்னரே ஆஸ்திரேலியா மொழித் தேர்வை அப்பட்டமான சூழ்ச்சியாகக் கையாண்டிருக்கிறது. 1901ஆம் ஆண்டுச் சட்டப்படி, வந்திறங்குபவரை ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைச் சொல்வதெழுதச் சொல்லலாம். எந்த மொழி என்பதை அதிகாரியே முடிவு செய்வார். வேண்டாதவர் தேறவே முடியாத மொழியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். 1934இல் பன்மொழி அறிந்த எழுத்தாளர் எகோன் கிஷ் என்பாருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தனர். நீதிமன்றமே அதனைத் தள்ளியது. 1958 வரை அச்சட்டம் உயிரோடிருந்தது. அது பல்கலைக்கழகத் தேர்வன்று. எனினும், மொழித் தேர்வு என்றவுடன் நமக்குள் எழும் ஐயம் வெறும் கற்பனையன்று என்பதற்காகவே ஈண்டுக் குறித்தோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அயல்நாட்டு மாணவர் கூட்டம் பெருகிற்று. அமெரிக்காவில் பல அமைப்புகள் கூடி 1962இல் ஒரு மன்றம் அமைத்தன. 1964இல் டோஃபல் முதன்முதலாக நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டே ஈ.டி.எஸ். என்னும் தேர்வு நிறுவனமும் கல்லூரி வாரியமும் அதனை ஏற்றுக்கொண்டன. நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் முறை; கணிப்பொறி திருத்தும்; உலகெங்கும் ஒரே மாதிரி நடத்தலாம். நம்பகத்தில் குறை சொல்லவியலாத தேர்வு. ஆனால் 1986இல் தனி எழுத்துத் தேர்வு சேர்க்கப்படும் வரை, டோஃபல் எழுதும் மாணவன் சொந்தமாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை! பேச்சுத் தேர்வு எல்லார்க்கும் கட்டாயமானது 2005இல் இணையவழித் தேர்வு வந்த பின்னரே. கட்டுரை எழுதியும் கலந்துரையாடியும் படிக்க வேண்டிய கல்விக்கு, எழுதாமலும் பேசாமலும் தகுதிச் சான்று வாங்கும் நிலை இருபது ஆண்டுக்கு மேல் நீடித்திருக்கிறது. மொழியைத் துண்டு துண்டாக அளந்தால் போதாது, முழுதாகப் பயன்படுத்தும் ஆற்றலையும் பார்க்க வேண்டும் என்று ஜான் கேரல் என்னும் உளவியலறிஞர் 1961லேயே சொல்லியிருந்தார். செலவும் வசதியும் அச்சொல்லை வென்றன.

இங்கிலாந்தின் கதை வேறு. நமக்கு அதுவே முதன்மையானது. 1950களில் காமன்வெல்த் நாடுகளிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவரின் ஆங்கிலத்தை மதிப்பிட அங்கே தேர்வு இல்லை. அந்தந்த நாட்டிலிருந்த பிரிட்டிஷ் கவுன்சில் அலுவலர் மாணவரோடு பேசிப் பார்ப்பார், படிவம் ஒன்றில் தம் கருத்தை எழுதி அனுப்புவார், அவ்வளவே. எளிய முறைதான். பார்ப்பதற்கு மனிதத் தன்மை உடையதுங்கூட. ஆனால் அவ்வறையில் நம்மவர் ஒருவர் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பாருங்கள். எதிரே இருப்பவர் கேட்பது ஆங்கிலத்தை மட்டுமா? எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, தந்தைக்கு என்ன வேலை, நாற்காலியில் எப்படி அமர்கிறான், 'சார்' என்று எத்தனை முறை சொல்கிறான் என்பனவும் சேர்ந்தே காதில் விழும். கான்வென்டில் படித்த வழக்கறிஞர் மகனின் ஆங்கிலம் 'இயல்பானது' என்றும், கிராமத்து நலப்பள்ளியில் படித்தவனின் ஆங்கிலம் 'முயன்று கற்றது' என்றும் எழுதப்படுவதற்கு யாரும் தீய எண்ணம் கொண்டிருக்க வேண்டியதில்லை. நேர்முகத் தேர்வு என்னும் சொல்லை நம் சமுதாயத்தார் ஏன் அச்சத்தோடு கேட்கின்றனர் என்பதை இம்மலரின் வாசகர்க்கு விளக்க வேண்டுமோ?

தேர்வை எங்கே, யார் நடத்துகின்றனர் என்பது தேர்வைப் போலவே முக்கியமானது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரசார் 1890களில் கேட்டபோது, நடத்தலாகாது என்று பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு எதிர் விண்ணப்பம் அனுப்பியவர் இரட்டைமலை சீனிவாசனார். அவர் செய்தது சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். அவர் அஞ்சியது எதற்கு என்பதில் மட்டும் நமக்கு ஐயமில்லை.

ஆதலால், 1960களின் நடுவில் ஆலன் டேவிஸ் என்னும் மொழியியலறிஞர் ஆக்கிய தேர்வு, அலுவலரின் படிவத்துக்குப் பதிலாக வந்தபோது, அது முன்னேற்றமே என்று துணிந்து சொல்வோம். விடைத்தாளுக்குச் சாதி தெரியாது. பொதுத்தேர்வு எத்தனை குறையுடையதாயினும், முகம் பார்த்து மதிப்பிடும் முறையைவிட நமக்கு நேர்மையானது. ஆங்கிலத் தேர்வையே ஒழித்துவிட்டு 'முழு மனிதனையும்' பார்த்துச் சேர்க்க வேண்டும் என்று பேசும் நல்லெண்ணமுடையோர் இதனையும் சிந்திப்பது நன்று. முழு மனிதனைப் பார்க்கிறேன் என்று சொல்லி நம்மை எப்படிப் பார்த்தனர் என்பது நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

1980இல் டேவிஸ் தேர்வின் இடத்தில் ஈ.எல்.டி.எஸ். என்னும் புதுத்தேர்வு வந்தது. மருத்துவம், தொழில்நுட்பம், சமூகவியல் என்று மாணவன் படிக்கப்போகும் துறைக்கேற்ற பகுதிகளைக் கொண்டிருந்தது. சிறந்த எண்ணந்தான், ஆனால் நடைமுறையில் சிக்கல். மருத்துவப் பத்தியைப் படித்து விடை சொல்பவன் காட்டுவது ஆங்கில அறிவா, மருத்துவ அறிவா? 1989இல் ஆஸ்திரேலியரும் சேர்ந்து அத்தேர்வு ஐ.இ.எல்.டி.எஸ். ஆயிற்று, துறைப்பகுதிகள் மூன்றாகக் குறைந்தன. 1995இல் அவையும் போய், எல்லாத் துறையினர்க்கும் ஒரே கல்விப் பகுதி என்றாயிற்று. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பெண்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இத்தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெற்றவர் பல்கலைக்கழகப் படிப்பிலும் சிறந்து விளங்குகின்றனரா? ஈ.எல்.டி.எஸ். தேர்வை ஆராய்ந்து கிரைப்பர், டேவிஸ் ஆகிய இருவர் 1988இல் வெளியிட்ட அறிக்கை ஒரு விடை தருகிறது. மொழித் தேர்வு மதிப்பெண்ணுக்கும் படிப்பின் வெற்றிக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.3. கணக்கு அறியாதார்க்கும் விளங்கச் சொல்வதாயின், மாணவரிடையே காணும் வெற்றி வேறுபாடு 100 பங்கு என்று கொண்டால், அதில் ஆங்கிலத் தேர்வு விளக்குவது ஏறத்தாழ 10 பங்கே. எஞ்சிய 90 பங்கு பாட அறிவு, உழைப்பு, பணம், உடல்நலம், ஆசிரியர், ஊர்நினைவு என்று எங்கெங்கோ பரவிக் கிடக்கிறது. முந்தைய தேர்வை ஆக்கியவரே தம் துறைத் தேர்வைப் பற்றி இவ்வாறு எழுதியது பாராட்டத்தக்கது.

ஆனால் இவ்வெண்ணைக் கொண்டு தேர்வே பொய் என்று முழங்குவதும் முறையன்று. காவலர் தேர்வில் உயரம் அளக்கின்றனர். குறித்த உயரத்துக்கு மேற்பட்டோரையே எடுக்கின்றனர். எடுத்தபின், அவர்களுள் மிக உயர்ந்தவர்தாம் மிகச் சிறந்த காவலரா என்று ஆராய்ந்தால் தொடர்பு மெலிதாகவே தெரியும். குள்ளமாக இருந்து தள்ளப்பட்டவர் அந்தக் கணக்கில் இல்லையே! மொழித் தேர்விலும் அஃதே. மதிப்பெண் குறைந்து சேராமற் போனவர் எப்படிப் படித்திருப்பர் என்பதை யாரும் கண்டதில்லை. விரிவுரை புரியாமல், நூலைப் படிக்க இயலாமல் அயலூரில் தவிக்கும் மாணவனின் துன்பம் உண்மையானது. ஆங்கிலம் ஓரளவுக்குக் கீழே இருந்தால் அறிவுடையவனும் திணறுவான். அந்த அளவைத் தாண்டியபின் கூடுதல் மதிப்பெண் பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. தொடக்கத்தில் நிற்க முடியுமா என்று பார்க்கும் கருவி அது. எவ்வளவு தூரம் ஓடுவான் என்று சொல்லும் கருவியன்று.

அந்த அளவு எது என்று முடிவு செய்வது யார்? தேர்வு நடத்துவோர், அது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்கின்றனர். பல்கலைக்கழகங்களோ பெரும்பாலும் அண்டைப் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று பார்த்தே கேட்கின்றன என்பது நம் கருத்து. ஒன்று 6.0 கேட்கும், மற்றொன்று 6.5, சட்டப் படிப்புக்கு 7.0 அல்லது 7.5. இவ்வரை மதிப்பெண்ணின் வலிமையைச் சற்றே பாருங்கள். ஒருவர் நான்கு கூறுகளில் 6.5, 6.5, 6.0, 6.0 பெற்றால் சராசரி 6.25, விதிப்படி அது 6.5 என்று மேலேற்றப்படும். அவரே ஒரு கூறில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்தால் சராசரி 6.125, அது 6.0 என்று கீழிறங்கும். ஒருவர் சேர்வார்; மற்றவர் சேரார். தலைவலியோ பக்கத்து அறை இரைச்சலோ ஒரு கூறில் அரை மதிப்பெண்ணைக் கூட்டிக் குறைக்கவல்லது. தேர்வு நடத்துவோர் வெளியிடும் கணக்கே கேட்டல், படித்தல் பகுதிகளில் பிழையளவு அரை மதிப்பெண்ணை நெருங்குவதாகக் காட்டுகிறது. இவ்வளவு நுண்ணிய கோட்டின்மேல் ஒரு வாழ்க்கையை நிறுத்துவது தேர்வின் குற்றமன்று. அதனைப் பயன்படுத்துவோர் குற்றம்.

தேர்வை நம்பகமாக நடத்தாவிட்டால் விளையும் கேட்டுக்கும் வரலாறு உண்டு. 2014 பிப்ரவரியில் பி.பி.சி. தொலைக்காட்சி, இங்கிலாந்தில் மாணவர் விசாவுக்காக நடத்தப்பட்ட டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. அங்கே 2011 முதல் 2014 வரை எழுதப்பட்ட 58,000க்கு மேற்பட்ட தேர்வுகளுள் பாதிக்கு மேல் செல்லாதவை என்றும், எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஐயத்துக்குரியவை என்றும் தேர்வு நிறுவனம் அறிவித்தது. நூற்றுக்கு 97 பேர்! அரசு அதனை அப்படியே ஏற்று ஆயிரக்கணக்கான மாணவரின் விசாவை நீக்கிற்று. அவர்களுள் மிகப் பலர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்தினர். ஏமாற்றியோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தவறு செய்யாதோரும் சிக்கியிருக்கக் கூடும் என்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகமே 2019இல் எழுதிற்று. நீதிமன்றத்தில் எதிரே ஆங்கிலத்தில் நின்று வாதாடித் தம் ஆங்கிலத்தை மெய்ப்பித்தவர்களும் உண்டு.

இனி நம் இளைஞர்க்கு நேரே தொடர்புடைய செய்தி. பட்டியல் சாதி மாணவர்க்கு நடுவணரசு வழங்கும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை 1954-55 முதல் இருந்துவருகிறது. ஆண்டுக்கு 125 இடங்கள், பெரும்பங்கு நமக்கே. விண்ணப்பிக்க, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் உள்ள பல்கலைக்கழகத்தின் நிபந்தனையற்ற சேர்க்கைக் கடிதம் வேண்டும். ஆங்கிலச் சான்று கேட்கும் பல்கலைக்கழகம் அது கிடைக்கும் வரை நிபந்தனையை நீக்காது. ஆக, அரசு ஒரு காசு கொடுப்பதற்கு முன்னரே, மாணவன் தன் கைப்பணத்தில் தேர்வெழுதி முடித்திருக்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். கட்டணம் 16,000 ரூபாய்க்கு மேல். பயிற்சி நிலையச் செலவு தனி. துப்புரவுப் பணியாளர் வீட்டில் அது ஒரு திங்கள் ஊதியத்துக்கு மேலாகும். மதிப்பெண் செல்லுபடியாவது இரண்டு ஆண்டே. முதலாண்டு உதவித்தொகை கிட்டாமல் மறுமுறை முயல்வோர் பலர். சிறிது தாமதித்தாலும் மீண்டும் பணம் கட்டித் தேர்வெழுத நேர்கிறது. இரண்டாண்டில் ஆங்கிலம் மறந்துவிடும் என்று கொண்டால், நாற்பதாண்டுக்கு முன் வாங்கிய நம் பட்டங்கள் என்னாவது?

கொரோனாக் காலமான 2020இல் டுவோலிங்கோ என்னும் வீட்டுத் தேர்வைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்றன. கட்டணம் குறைவு, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும் என்றதும் மகிழ்ந்தோம். விதிகளைப் படித்தபோது மகிழ்ச்சி பாதியாயிற்று. கேமரா உள்ள கணினி வேண்டும். இணைய இணைப்பு அறுபடக் கூடாது. அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. பிறர் குரல் கேட்கக் கூடாது. ஓரறை வீட்டில் ஐவர் வாழும் காலனியில் இது யாருக்கு வாய்க்கும்? தேர்வு நாளன்று ஒரு மணி நேரத்துக்கு நம் சங்கத்து நூலக அறையைப் பூட்டி மாணவரிடம் கொடுத்தால் இத்தடை நீங்கும். செயற்குழு இதனை எண்ணிப் பார்க்குமாக.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் பல, இந்திய மாணவரின் 12ஆம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே போதிய சான்றாக ஏற்கின்றன. எந்த வாரியம், எத்தனை மதிப்பெண் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நடுவண் வாரியத்துக்கு ஓர் அளவும் மாநில வாரியத்துக்கு அதனினும் கூடிய அளவும் வைப்போர் உளர். அவ்வேறுபாடு நியாயமா என்பது தனியே பேச வேண்டிய வழக்கு. ஆயினும் நம் அரசுப் பள்ளியில் ஆங்கிலத்தில் 80க்கு மேல் வாங்கிய பிள்ளை, அந்தப் பட்டியலை ஒருமுறையும் பாராமல் 16,000 ரூபாய் கடன் வாங்கிக் கட்டிய செய்தி சென்ற ஆண்டு நம் காதுக்கு எட்டிற்று. அவருக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அவருடைய 12ஆம் வகுப்புச் சான்றிதழையே ஏற்கும் பல்கலைக்கழகம்.